சரவணையில் விழுந்த சில்லு

என் மகள் வதனாவின் வலது கண்ணைக் கருக்குமட்டை வெட்டிய அன்று நான் பிள்ளை பெற்றுப் பத்தொன்பது நாள்.

அம்மாளின் அடியார்களே, வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்ததும் இந்த மடத்தில் இருந்து ஆளுக்காள் அவள் செய்ததைச் சொல்கிறீர்கள். நான் இத்தனை வருடமும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு வாய் வரவில்லை. நடந்து பன்னிரண்டு வருடமாகிறது. ஆனால் போன கிழமை ஒரு பிள்ளை என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். அதன் பிறகு சொல்லாமல் இருப்பது பாவம் என்று தோன்றிவிட்டது.

எங்கள் வீடு சரவணையில். என் கணவர் அப்போது பண்டாரவளையில் ஒரு புடைவைக் கடையில் மனேச்சராக இருந்தார். இரண்டாவது பிள்ளைப்பேற்றுக்காக லீவில் வந்திருந்தார். வதனாவுக்கு ஐந்து வயது. அன்று புதன்கிழமை மத்தியானம். பிள்ளைகள் பனையோலையின் கருக்குமட்டையில் ஒருவரை இருத்தி மற்றவர் இழுத்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். மட்டை துள்ளி, அதன் வாள்போன்ற விளிம்பு வதனாவின் கண்ணில் பட்டுவிட்டது.

அந்தக் குழறலை எப்படிச் சொல்வேன். நான் அறைக்குள் கைக்குழந்தையோடு படுத்திருந்தேன். எழும்பி ஓடி வந்தேன். என் கணவரின் அக்கா, இராசம்மா மச்சாள், வாசலில் கையைக் குறுக்கே போட்டு என்னை மறித்தா. மச்சாள் கலியாணம் செய்யாதவ. எங்களோடுதான் இருந்தா. வதனா கண்ணைப் பொத்தியிருந்தாள். விரல்களுக்கு நடுவால் இரத்தம் வழிந்தது. அவ்வளவுதான் நான் கண்டது. கணவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாடகைக் காரில் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்.

எனக்குப் போக ஏலாது. பிள்ளை பெற்றவள் முப்பத்தொரு நாளும் படலை தாண்டக்கூடாது. அதைவிட எனக்குப் பெரிய வேதனை, சாமியறை பூட்டிக் கிடந்தது. வீடு முழுவதும் பிள்ளைப்பேற்றுத் துடக்கு, தீட்டு. விளக்கு வைக்க ஏலாது. விபூதி தொட ஏலாது. நான் வாயைத் திறந்து, "அம்மாளாச்சி, என்ரை பிள்ளை!" என்று கத்தியபோது மச்சாள் என் வாயைப் பொத்தினா.

"துடக்கோடை அவவின்ரை பேரைச் சொல்லாதை பிள்ளை. குற்றமாப் போயிடும். முப்பத்தொண்டு முடியட்டும்."

மச்சாள் கெட்ட மனதோடு சொல்லவில்லை. அவவுக்கும் பயம். நானும் அப்படித்தான் வளர்ந்தவள். வாயை மூடிக்கொண்டேன். ஒரு நாள், இரண்டு நாள். பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், தாய் அவளைப் பார்க்கவும் ஏலாது, தெய்வத்தைக் கூப்பிடவும் ஏலாது. அந்த இரண்டு நாளும் நான் இருந்த இருட்டை உங்களில் பிள்ளை பெற்றவர்கள் அறிவீர்கள்.

வியாழக்கிழமை பின்னேரம் கணவர் உடுப்பு எடுக்க வந்தார். முகம் கறுத்துப்போயிருந்தது. கருவிழி வெட்டுப்பட்டிருக்கிறது, உடனே கொழும்புக்குக் கொண்டுபோய் ஒப்பரேசன் செய்யவேண்டும், பிந்தினால் கண் போய்விடும் என்று டொக்டர் சொல்லிவிட்டாராம். ஆனால் பிள்ளை குலுங்கக்கூடாது. கண் அசையாமல் இருக்க இரண்டு கண்ணையும் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். ரயிலில் ஒரு பகல் முழுவதும் குலுங்கிக்கொண்டு போவதை டொக்டர் விரும்பவில்லை.

அப்போதுதான் ஒரு உதவி வந்தது. கணவர் லீவைக் கூட்டிக் கேட்பதற்கு முதலாளிக்கு ரெலிபோன் எடுத்திருக்கிறார். முதலாளி சொன்னாராம், எங்கள் கடைக்கு வருகிற தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவர் தன் சின்ன விமானத்தில் யாழ்ப்பாணத்துக்கு, ஒரு சிநேகிதர் வீட்டுக்கு வந்திருக்கிறார், கேட்டுப் பார்ப்போம் என்று. அந்தத் துரை சிங்களவர், வயது போனவர். கேட்டவுடன் தானே ஆஸ்பத்திரிக்கு வந்து கட்டிலருகில் நின்று, "நாளைக்குக் காலையில் கொண்டுபோவோம், நான் மெதுவாக, தாழப் பதிவாக ஓட்டுவேன்" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாராம்.

நான் அழுதேன். பிறகு ஒன்று கேட்டேன். அதை நினைத்துப் பின்னர் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல.

"இஞ்சருங்கோ, பிள்ளையை நான் ஒருக்காக்கூடப் பாக்கேல்லை. அந்த ஐயாவிட்டைச் சொல்லி எங்கடை வீட்டுக்கு மேலாலை கொண்டு போகச் சொல்லுங்கோ. நான் முத்தத்திலை நிண்டு பாக்கிறன்."

"நீர் விசரே? அதென்ன றோட்டிலை ஓடுற தட்டிவானே, வீட்டு வாசலிலை நிப்பாட்டிப்போட்டுப் போக?"

"நிப்பாட்ட வேண்டாம். மேலாலை போனாக் காணும்."

அவர் உடுப்புப் பையை எடுத்தார். போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை விடியப்புறமே நான் முற்றத்துக்கு வந்துவிட்டேன். மச்சாள் ஏசினா. நான் கேட்கவில்லை. பக்கத்து வளவில் கணபதி அண்ணை வேலி அடைத்துக்கொண்டு நின்றார். அவரிடமும் விஷயத்தைச் சொன்னோம். ஒன்பதரைக்குப் பிறகு வடக்கே இரைச்சல் கேட்டது. வெள்ளை நிறம், வயிற்றில் ஒரு சிவப்புக் கோடு. பனைகளுக்குச் சற்று மேலேதான் வந்தது. ஊரே வெளியில் வந்து பார்த்தது. விமானம் எங்கள் வளவைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது. யன்னலில் ஒரு கை ஆடியது. என் கணவரின் கை. அதற்குப் பக்கத்தில் என் பிள்ளை இருக்கிறாள். நான் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். சிரித்தேன். பத்தொன்பதாம் நாளிலிருந்து இருபத்தோராம் நாள் வரையில் முதல் தடவையாகச் சிரித்தேன்.

துரைக்கு எங்களைக் கண்டது சந்தோஷமாக இருந்திருக்கவேண்டும். விமானத்தின் இரண்டு இறக்கைச் செட்டையையும் இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை சாய்த்துக் காட்டினார். போய்வருகிறோம் என்று சொல்வதுபோல.

அப்போது அதன் வயிற்றுக்குக் கீழேயிருந்து கறுப்பாய் ஒன்று கழன்று விழுந்தது.

முதலில் பறவை என்றுதான் நினைத்தேன். ஆனால் அது பறக்கவில்லை. நேரே வந்தது. பின்வளவுத் தரையில் விழுந்து, இரண்டு ஆள் உயரம் எழும்பி, மறுபடி விழுந்து, கணபதி அண்ணை அடைத்த புது வேலியைப் பிய்த்துக்கொண்டு உருண்டு போய்க் கிணற்றுக்கட்டில் மோதிச் சரிந்தது. நாய் குரைத்தது. வேறொரு சத்தமும் இல்லை. கணபதி அண்ணை ஓடிப்போய்க் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் இரத்தமே இல்லை.

"பிள்ளை, இது சில்லு! பிளேனின்ரை சில்லு!"

நான் மேலே பார்த்தேன். விமானம் திரும்பித் தெற்கே போய்க்கொண்டிருந்தது. முன்னால் ஒரு சில்லு. வலது பக்கம் ஒரு சில்லு. இடது பக்கத்தில் சக்கரம் இல்லாமல் வெறும் கால் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

"சில்லு! சில்லு!" என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடினேன். கணபதி அண்ணை கத்தினார், மச்சாள் கத்தினா, பார்த்துக்கொண்டு நின்ற சனமெல்லாம் கையை ஆட்டிக்கொண்டு ஓடியது. யன்னலில் அந்தக் கையும் ஆடியது. நாங்கள் எவ்வளவு பலமாக ஆட்டினோமோ, அவர் அவ்வளவு சந்தோஷமாகத் திருப்பி ஆட்டினார். நாங்கள் வழியனுப்புகிறோம் என்று நினைத்தார். சில்லு செட்டைக்குக் கீழே இருப்பதால் உள்ளே இருப்பவர்களுக்கு அது தெரியாது. ஊர் முழுவதற்கும் தெரியும், அந்த மூன்று பேருக்கும் மட்டும் தெரியாது. விமானம் சிறுத்துச் சிறுத்துக் கடற்பக்கம் மறைந்துவிட்டது.

கணபதி அண்ணைதான் முதலில் நிதானத்துக்கு வந்தார். "கொழும்புக்குப் போக இரண்டு மணித்தியாலத்துக்கு மேலை செல்லும். அதுக்கிடையிலை சொன்னாச் சரி. வேலணைத் தபாற்கந்தோரிலை ரெலிபோன் இருக்கு" என்று சைக்கிளை எடுத்தார்.

"நானும் வாறன்."

மச்சாள் மறித்தா. "எங்கை போறாய்? இருபத்தொரு நாள். பச்சை உடம்பு. அவர் போய்ச் சொல்லுவார்."

"மச்சாள், விடுங்கோ. கண்டது நான். வானத்திலை இருந்து சில்லு விழுந்தது எண்டு அவர் தனியப் போய்ச் சொன்னா ஆர் நம்புவினம்?"

சில்லைத் தூக்கினேன். எட்டு இறாத்தல், பத்து இறாத்தல் இருக்கும். எனக்கு ஒரு மலைபோல இருந்தது. சைக்கிள் கரியரில் ஏறி அதை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். கிறீஸ் பிசுக்கு என் சட்டை முழுவதும் அப்பியது. அடிவயிறு கிழிந்துபோவதுபோல நொந்தது. வழியில் கண்டவர்கள் எல்லாம் திகைத்து நின்றார்கள். பிள்ளை பெற்ற வீட்டுக்காரி, தலையைக்கூடச் சீவாமல், பிற ஆம்பிளையின் சைக்கிளில், மடியில் ஒரு சில்லு. நான் ஒருவரையும் பார்க்கவில்லை. என் மனதில் ஒன்றே ஒன்றுதான் ஓடியது. நான் கேட்டதால்தான் இங்கே வந்தது. எனக்காகத்தான் செட்டையை ஆட்டினார். ஆட்டியதால்தான் கழன்றது. என் பிள்ளையை நானே கொல்லுகிறேன்.

தபாலதிபர் ஊர்காவற்றுறையைச் சேர்ந்த கத்தோலிக்கர். கண்ணாடி போட்ட, அமைதியான மனிதர். கணபதி அண்ணை மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னதை முதலில் அவர் விளங்கிக்கொள்ளவில்லை. நான் சில்லைக் கவுண்டரில் வைத்தேன். முத்திரைப் பெட்டி தட்டுப்பட்டு விழுந்தது.

"ஐயா, இது போன பிளேனின்ரை சில்லு. என்ரை மனுசனும் பிள்ளையும் அதுக்கை இருக்கினம். அவைக்குத் தெரியாது."

அவர் சில்லைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வேறொரு கேள்வியும் கேட்கவில்லை. ரெலிபோனை எடுத்தார். யாழ்ப்பாணத்தில் கேட்டு, அங்கிருந்து பலாலி விமான நிலையத்துக்கு இணைப்பு எடுக்கக் கொஞ்ச நேரம் சென்றது. அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் எனக்கு நூறு வயதாகிவிட்டது. மறுமுனையில் இருந்தவர் நம்பவில்லை என்பது தபாலதிபரின் பேச்சிலிருந்து தெரிந்தது.

"ஓம் ஐயா, சில்லுத்தான். தகடில்லை. எனக்கு முன்னாலை கிடக்குது... இல்லை ஐயா, விளையாட்டில்லை... பொறுங்கோ, வாசிக்கிறன்."

ரயரில் பொறித்திருந்த எழுத்தையும் இலக்கத்தையும் ஒவ்வொன்றாக வாசித்தார். பிறகு அவசரமாய் என்னவோ சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள்.

"றேடியோவிலை கூப்பிடுகினமாம், தங்கச்சி. இருங்கோ."

பத்து நிமிடம் கழித்து மணி அடித்தது. தபாலதிபர் கேட்டுக்கொண்டு நின்றார். அவர் முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது.

"கூப்பிட்டுக்கொண்டிருக்கினமாம். மறுமொழி இல்லை. விமானம் தாழப் பதிஞ்சு பறக்கிறபடியால் பலாலியிலை இருந்து கூப்பிடுறது எட்டேல்லையாம். கொழும்புக்கும் சொல்லப் பாக்கினம். லைன் இன்னும் கிடைக்கேல்லை."

பதிந்து பறப்பதற்குக் காரணம் என் பிள்ளையின் கண்; உயரப் பறந்தால் வெட்டுப்பட்ட கண்ணுக்குக் கூடாது. மெதுவாகவும் பதிவாகவும் ஓட்டுவேன் என்றல்லவா அந்த மனிதர் சொன்னார்.

நான் வெளியே வந்தேன். தபாற்கந்தோருக்குப் பக்கத்தில் ஒரு வேம்பு நின்றது. அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வீட்டில் குழந்தைக்குப் பசி வந்துவிட்டது என்று என் உடம்புக்குத் தெரிந்தது. பால் கசிந்து சட்டை நனைந்தது. கிறீசும் பாலும் வியர்வையும். இதைவிடத் துடக்கு வேறென்ன இருக்கிறது? அந்த நேரம் மேற்கே பார்த்தேன். கடலுக்கு அங்கால் நயினாதீவு, அம்மாளின் கோயில். நான் கேட்டேன். பயந்து கேட்டேன், ஆனால் வாய்விட்டுக் கேட்டேன்.

"அம்மாளாச்சி, நான் குளிக்கேல்லை. விளக்கு வைக்கேல்லை. நான் நிக்கிற நிலையை நீ பாக்கிறாய். குற்றமெண்டா என்னைக் கேள். பிள்ளையை விடு. என்ரை ஆசையாலைதான் இது வந்தது. அந்த மனுசனுக்கு ஆரும் சொல்லவேணும். நீயாவது சொல்லு."

இவ்வளவுதான் என் மந்திரம். வேறொன்றும் வரவில்லை. "நீயாவது சொல்லு, நீயாவது சொல்லு" என்று அதையே சொல்லிக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரமென்று தெரியாது. கணபதி அண்ணை மறுபக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தார்.

தெருவில் யாரோ வெறுங்காலோடு ஓடிவருவது தெரிந்தது. மச்சாள். சேலைத் தலைப்பால் போர்த்தபடி என் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்த வெயிலில் இரண்டு மைல் நடையும் ஓட்டமுமாக வந்திருக்கிறா. முப்பத்தொன்றுக்கு முதல் பிள்ளையை வெளியில் எடுக்கக்கூடாது என்று சொன்ன அதே மச்சாள். குழந்தையை என் கையில் தந்துவிட்டு, "என்ன மாதிரி?" என்று கேட்டா. ஒன்றும் தெரியாது என்று நான் தலையை ஆட்டினேன். அவ என் வாயைப் பார்த்தா. நான் முணுமுணுப்பது என்னவென்று விளங்கிவிட்டது. நான் பயந்தேன்.

மச்சாள் என் பக்கத்தில் நிலத்தில் இருந்தா. "கூப்பிடு பிள்ளை. நல்லாக் கூப்பிடு. நானும் கூப்பிடுறன்" என்றா. பிறகு இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி, தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்க, "அம்மாளாச்சி!" என்று ஒரு சத்தம் வைத்தா. நாற்பத்தைந்து வருடமாகச் சட்டம் பிசகாமல் இருந்த மனுசி.

உள்ளே மணி அடித்தது.

தபாலதிபர் யன்னலுக்குள்ளால் தலையை நீட்டி, "சொல்லியாச்சு! அவைக்குச் சொல்லியாச்சு!" என்று கத்தினார். அமைதியான அந்த மனிதர் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டதையும் கண்டேன். தன் மாதாவை அவரும் உள்ளே இருந்து கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

நடந்தது இதுதான். கொழும்பிலிருந்து பலாலிக்கு ஒரு பெரிய விமானம் வந்துகொண்டிருந்தது. வழமையாக அந்த நேரத்துக்கு அது வந்து இறங்கிவிடும். அன்று புறப்படப் பிந்திவிட்டது. பலாலி கூப்பிட்டது துரைக்குக் கேட்கவில்லை. ஆனால் உயரத்தில் வந்த பெரிய விமானத்துக்குக் கேட்டது. அந்த விமானி மன்னாருக்கு அங்கால் துரையைத் தன் றேடியோவில் பிடித்து விஷயத்தைச் சொல்லிவிட்டார். மேலே ஆகாயத்தில், ஒருவரையொருவர் காணாத இரண்டு பேர்.

நீயாவது சொல்லு என்றுதானே நான் கேட்டேன்? சொல்வதற்கு ஒரு வாய் வேண்டுமல்லவா? அந்த வாயை அவள் பிந்தப்பண்ணி வைத்திருந்தாள். இதை வேறு என்ன பெயர் சொல்லி அழைப்பது என்று எனக்குத் தெரியாது.

ஆனால் அடியார்களே, சொன்னதால் சில்லு வந்து பூட்டிக்கொள்ளவில்லை. இன்னும் இறங்கவேண்டும். தபாலதிபரின் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து தந்தா. குடிக்க ஏலவில்லை. மனுசன் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகாமல் ரெலிபோனுக்குப் பக்கத்திலேயே கதிரையில் இருந்தார். சனம் கூடிவிட்டது. நான் குழந்தைக்குப் பால் கொடுத்தேன். அது முலையை விட்டுவிட்டு அழுதது. ஒரு மணிக்குச் சற்று முன்பு மணி அடித்தது. தபாலதிபர் எடுத்தார். "ஓம்... ஓம்..." என்றார். பிறகு ரெலிபோனைக் காதிலிருந்து எடுக்காமலே என்னைப் பார்த்தார். கண்ணாடிக்குள் கண் நிறைந்திருந்தது.

"மூண்டு பேரும் உசிரோடை இருக்கினம்."

எனக்கு அழுகை வரவில்லை. சிரிப்பும் வரவில்லை. வாயைத் திறந்தபடி நின்றேன் என்று பிறகு மச்சாள் சொன்னா. வீட்டுக்கு எப்படி வந்தேன் என்றே தெரியாது. மூன்று நாள் வரையில் யார் என்ன கேட்டாலும் "சில்லு விழுந்தது" என்று மட்டும் சொன்னேனாம்.

இறங்கிய கதையைக் கணவர் வந்த பிறகுதான் கேட்டேன். செய்தி கிடைத்ததும் துரை திரும்பி, "தம்பி, ஒரு சில்லு இல்லை. நான் இறக்குவேன். நீங்கள் பிள்ளையைப் பிடியுங்கள்" என்றாராம். கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானை விமான நிலையத்துக்குப் போய், பெற்றோல் குறையும்வரை கடலுக்கு மேலே சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார். கீழே தீயணைக்கிற வண்டியும் அம்புலன்சும் நின்றதாம். என் கணவர் வதனாவை மடியில் இருத்தி, துரையின் கோட்டைச் சுருட்டி அவள் தலையைச் சுற்றி வைத்து, குனிந்து மூடிக்கொண்டார். இவரும் அம்மாளைத்தான் கூப்பிட்டார். தானும் துடக்குக்காரன் என்ற நினைவே அந்த நேரம் வரவில்லையாம்.

துரை ஓடுபாதைக்குப் பக்கத்துப் புல்லில் வலது சில்லை மட்டும் தொடவைத்து, இடது செட்டையைத் தூக்கிப் பிடித்தபடி ஓடவிட்டார். வேகம் குறையக் குறைய அந்தப் பக்கம் மெல்லமெல்லச் சரிந்தது. வெறுங்கால் மண்ணைக் கிழித்தது. செட்டை நிலத்தில் தேய்ந்தது. விமானம் அரை வட்டம் சுழன்று நின்றுவிட்டது. புழுதி அடங்கியபோது துரையின் நெற்றியில் ஒரு காயம். என் கணவரின் தோள் விலகியிருந்தது. வதனாவுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

இரண்டு கண்ணும் கட்டியிருந்ததால் அவளுக்கு ஒன்றும் தெரியாது; பஸ்ஸில் போகிறோம் என்றே நினைத்திருந்தாள். நின்ற பிறகு தகப்பனைக் கேட்டாளாம்.

"அப்பா, பஸ் பள்ளத்துக்கை விழுந்திட்டுதோ?"

"ஓமம்மா. சின்னப் பள்ளம்."

"அப்ப ஏன் அழுறியள்?"

விமானம் எரிந்தால் ஏற்றுவதற்கென்று நின்ற அதே அம்புலன்சில் பிள்ளையை நேரே கண் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அன்று பின்னேரமே ஒப்பரேசன் நடந்தது. ஒரு மணித்தியாலம் பிந்தியிருந்தாலும் கண்ணை எடுக்கவேண்டி வந்திருக்கும் என்று அங்கே சொன்னார்களாம்.

இன்னுமொன்று சொல்லவேண்டும். மாதக் கணக்காக நான் என்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். இரவில் அந்தச் செட்டை ஆடுவது தெரியும். கணவர் பண்டாரவளைக்குப் போய் ஒரு கடிதம் எழுதினார். துரை கடைக்கு வந்து சொன்னாராம்: மெக்கானிக் பார்த்தபோது சில்லைத் தாங்குகிற இரும்பு ஏற்கனவே வெடித்திருந்தது. எங்கேயோ பழைய வெடிப்பு. செட்டையை ஆட்டினாலும் ஆட்டாவிட்டாலும் அது அன்று எங்காவது கழன்றிருக்கும். நேர்வழியில் போயிருந்தால் கடலில் விழுந்திருக்கும், காட்டில் விழுந்திருக்கும். ஒரு குருவிக்கும் தெரிந்திராது. மூன்று சில்லும் இருக்கிறது என்று நம்பி வேகத்தோடு ஓடுபாதையில் இறக்கியிருப்பார்கள். "உங்கள் சம்சாரம் கேட்டபடியால்தான் நாங்கள் உயிரோடு இருக்கிறோம்" என்று துரை சொன்னாராம்.

அந்தக் கடிதத்தை வாசித்தபோதுதான் நான் அழுதேன். மச்சாளின் மடியில் விழுந்து அழுதேன். என் பாவம் என்று நான் நினைத்த அந்த ஆசையை எனக்குள் போட்டது யார்? நான் கூப்பிடுவதற்கு முதல் நாளே, துடக்கு வீட்டுக்குள் வந்து, எனக்குப் பக்கத்தில் இருந்து, "கேள்" என்று சொன்னது யார்?

வதனாவின் கண் முழுதாகத் திரும்பவில்லை. உள்ளதைத்தான் சொல்லவேண்டும். வலது கண்ணில் ஒரு வெள்ளைத் தழும்பு இருக்கிறது. அந்தக் கண்ணுக்கு உருவம் தெரியும், எழுத்துத் தெரியாது. சிலர் கேட்டிருக்கிறார்கள், அம்மாள் இவ்வளவு செய்தவள், கண்ணையும் முழுதாகத் தந்திருக்கலாமே என்று. நான் அதற்கு மறுமொழி தேடவில்லை. அவள் தந்தது எனக்குக் கணக்கில் அடங்காது. மற்றக் கண்ணால் படித்து, என் மகள் இப்போது யாழ்ப்பாணத்தில் பெரிய வகுப்புப் படிக்கிறாள். பரீட்சை என்றால் பயந்து அழுகிறாள். விமானம் என்றால் பயமே இல்லை.

முன்பு நான் அம்மாளைப் பார்க்கப் போவது ஒரு பெரிய உத்தியோகத்தர் வீட்டுக்குப் போவதுபோல. எல்லாம் சுத்தமாக இருக்கவேண்டும், எல்லாம் ஒழுங்காக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் துரத்திவிடுவாள் என்று நினைத்திருந்தேன். இப்போதும் கோயில் சட்டங்களை நான் மீறுவதில்லை. துடக்கென்றால் வாசலுக்கு வெளியில்தான் நிற்பேன். ஆனால் அவள் கோயிலுக்குள் மட்டும் இருக்கிறாள் என்று நம்புவதை விட்டுவிட்டேன். மச்சாளும் விட்டுவிட்டா. இப்போது ஊரில் பிள்ளை பெற்ற வீடுகளுக்கெல்லாம் மச்சாள் போகிறா. காயமருந்து அரைத்துக் கொடுக்கிறா. தாயின் காதில் "மனதுக்கை கூப்பிடு பிள்ளை, அவ கேப்பா" என்று சொல்லிவிட்டு வருகிறா.

போன கிழமை என்னிடம் கேள்வி கேட்ட பிள்ளையைப் பற்றிச் சொன்னேன் அல்லவா. அவள் இந்த மடத்துக்குள் வரவில்லை. தாய் செத்து இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. அந்தத் துடக்கோடு தெருவில் நின்றுகொண்டு, தன் தமையன் ஒருவன் படகோடு காணாமற்போய் நாலு நாள் என்று சொல்லி, "அக்கா, நான் இப்ப கும்பிடலாமோ?" என்று கேட்டாள். கேட்பதற்கே பயந்து நின்றாள். என்னைப்போலவே நின்றாள்.

நான் அவளைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். இரண்டு பேருமாக நயினாதீவுப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்று கூப்பிட்டோம். என்ன மறுமொழி வரும் என்று எனக்குத் தெரியாது. இன்றுவரை தமையனைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. ஆனால் அவள் வீட்டுக்குப் போகும்போது நிமிர்ந்து நடந்தாள்.

அதனால்தான் இன்று வாய் திறந்தேன். உங்களில் யாருக்காவது இப்போது தலைக்குமேல் ஒரு ஆபத்து நிற்கலாம். குளித்து முழுகி, நாள் பார்த்து, எல்லாம் சரியான பிறகு கூப்பிடுவோம் என்று இருக்கவேண்டாம். நிற்கிற இடத்தில் நின்று கூப்பிடுங்கள். அழுக்கோடு கூப்பிடுங்கள். தனியே கூப்பிடப் பயமென்றால் எங்கள் வீட்டுப் படலையைத் தட்டுங்கள். நானும் மச்சாளும் வந்து பக்கத்தில் நிற்போம்.